சேர்ந்து பறக்கவிட்டால் மட்டும் கட்டுப்பாடு போகுது – 2.4 கிகாஹேர்ட்ஸ், உதவி தேவை

நிலாவெளி_நுரை:
வணக்கம். றேடியோவால் ஓட்டும் 1.2 மீற்றர் நுரை மாதிரி விமானம். 3 செல் 2200 லைப்போ பற்றரி, 30 அம்பியர் ஈஎஸ்சி (மோட்டர் வேகக் கட்டுப்படுத்தி), அதற்குள் இருக்கும் 5 வோல்ற்று 2 அம்பியர் பெக் (றிசீவருக்கும் சேர்வோவுக்கும் மின் கொடுப்பது). நான்கு 9 கிராம் சேர்வோ (பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டர்). போன மாதம் ஃபிளாப்புக்கு (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) இரண்டு மெற்றல் கியர் டிஜிற்றல் சேர்வோ கூடுதலாகப் போட்டது. றேடியோ ஃபிளைஸ்கை ஐ6, றிசீவர் ஐஏ6பி.

தனியாக விட்டால் பிரச்சினை இல்லை. மூன்று பேர் ஒரே நேரம் விடும்போது மோட்டர் நிற்குது, எலிவேற்றர் (மேல் கீழ் திருப்பும் வால் பலகை) இருந்த இடத்திலேயே நிற்குது, ஓரிரு வினாடியில் திரும்ப வருது. மற்ற இருவரில் ஒருவருடையது 2.4, மற்றது பழைய 35 மெகாஹேர்ட்ஸ். 35 தான் அடிக்குதா? அல்லது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் ராடாரா?

சோல்டர்_புகை:
கப்பலை விடுங்கோ தம்பி. கப்பல் ராடார் 9.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம், பெரிய கப்பல்களில் 3 கிகாஹேர்ட்ஸ் பக்கமும் இருக்கும். உங்கள் பட்டை 2.400 முதல் 2.4835 வரை. 35 மெகாஹேர்ட்ஸும் உங்களைத் தொடாது.

ஒன்றே ஒன்று சொல்லுங்கோ. கட்டுப்பாடு திரும்பியதும் மோட்டர் தானாகச் சுழலுதா, அல்லது த்ரொட்டிலை (மோட்டர் வேகக் குச்சி) அடிவரை இறக்கி ஏற்றினால்தான் சுழலுதா?

நிலாவெளி_நுரை:
அடிவரை இறக்கினால்தான். அதற்கு முதல் பற்றரி செருகும்போது வரும் அதே "பீப்" சத்தமும் கேட்குது.

சோல்டர்_புகை:
அப்போ சிக்னல் அறவில்லை, மின்சாரம்தான் அறுந்திருக்கு. சிக்னல் மட்டும் போனால் றிசீவர் உயிரோடு இருக்கும், ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் என்ன செய்வதென்று முன்கூட்டி வைத்த நிலை) வேலை செய்யும், சிக்னல் வந்தவுடன் மோட்டர் அப்படியே தொடரும். "பீப்" கேட்குது என்றால் ஈஎஸ்சியின் மூளையே அணைந்து மறுபடி எழும்பியிருக்கு. அதுவும் றிசீவரும் அதே 5 வோல்ற்றில்தான் ஓடுது.

உங்கள் பெக் லீனியர் வகையாகத்தான் இருக்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ற்றை 5 ஆக்க, மிச்சம் 7.6 வோல்ற்றையும் வெப்பமாகத்தான் கொட்டும். 1 அம்பியர் இழுத்தால் 7.6 வாற்று, 2 அம்பியர் என்றால் 15 வாற்று. அந்தச் சின்னச் சில்லு தாங்காது. 9 கிராம் சேர்வோ ஒன்று இறுகி நின்றால் அரை அம்பியருக்கு மேல் இழுக்கும், டிஜிற்றல் இன்னும் கூட. ஆறு சேர்வோ ஒரே நேரம் அசைந்தால் கணக்கு முடிஞ்சுது.

தனியாக விடும்போது சுகமாக வட்டம் போடுவீர்கள். ஆட்களோடு என்றால் விலகுவது, துரத்துவது, எலிரோனும் (பக்கம் சரிக்கும் இறக்கைப் பலகை) எலிவேற்றரும் விடாமல் ஆட்டுவது. கச்சான் காற்று அடிக்கும் நேரம் இன்னும் மோசம், நேராகப் பறக்கவே சேர்வோ ஓயாது.

சோதனை: புரொப்பெல்லரைக் கழற்றுங்கோ. ஐஏ6பி தன் வோல்ற்றேஜைத் திருப்பி அனுப்பும், றேடியோத் திரையில் "இன்ற்வி" என்று வரும். இரண்டு குச்சியையும் வேகமாகச் சுற்றுங்கோ, பக்கத்தில் ஒருவர் ஃபிளாப்பையும் எலிவேற்றரையும் விரலால் மெல்ல எதிர்த்துப் பிடிக்கட்டும். 4.6க்குக் கீழே இறங்கினாலே சரியில்லை. திரை மெதுவாகத்தான் புதுப்பிக்கும், உண்மையான பள்ளம் அதைவிட ஆழம்.

கொட்டியாரக்_காற்று:
2200 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்றை றிசீவரின் வெறும் சனலில் செருகினால் போதுமே? மலிவு.

சோல்டர்_புகை:
போதாது அண்ணை. 1 அம்பியர் குறைவு என்றால் 2200 மைக்ரோஃபரட் 1 வோல்ற்று இறங்க 2 மில்லி வினாடிதான் எடுக்கும். சேர்வோ கிளம்பும் நொடி உதறலுக்கு அது நல்லது. தொடர்ந்து இழுக்கும்போது உதவாது.

5 வோல்ற்று 5 அம்பியர் சுவிச்சிங் யூபெக் (தனியாகப் போடும் பெக், அதிகம் வெப்பமாகக் கொட்டாத வகை) போடுங்கோ. உள்ளீட்டை ஈஎஸ்சியின் பற்றரி வயரில் சோல்டர் செய்து, வெளியீட்டை றிசீவரின் பற்றரி முனையில் செருகுங்கோ. ஈஎஸ்சி பிளக்கின் நடுச் சிவப்பு வயரை ஊசியால் நெம்பி வெளியே எடுத்து, டேப் சுற்றி மடித்து விடுங்கோ. எடுக்காவிட்டால் இரண்டு பெக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். யூபெக் மின் இரைச்சல் போடும், றிசீவரிலிருந்து 10 சென்றிமீற்றராவது தள்ளி வையுங்கோ.

உப்புவெளி_35:
சோல்டர் சொன்னதோடு இன்னொன்று. கடற்கரையில் விடுகிறவர்கள் ஃபிளாப்பின் வை கேபிள் (இரண்டு சேர்வோவை ஒரே சனலில் இணைப்பது) பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முள்ளின் அடியில் பச்சைப் பூ பூத்திருந்தால் சுரண்ட வேண்டாம், பிளக்கையே மாற்றுங்கள். அந்தப் பச்சைக்கு மேலால்தான் இரண்டு சேர்வோவின் கரண்டும் போகுது.

றிசீவர் அன்ரெனா இரண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருக்கணும். நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீற்றர்தான் உண்மையான அன்ரெனா, அதை மடிக்கக்கூடாது, கார்பன் குழாயோடு ஒட்டக்கூடாது. றேடியோ அன்ரெனாவின் நுனியை விமானத்தை நோக்கிக் குத்த வேண்டாம், நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு. பக்கவாட்டில் மடித்து விடுங்கள். மூன்று பேர் தோளோடு தோள் உரசி நின்றால் உடம்பே 2.4ஐ மறைக்கும்.

35காரருக்கு: இன்னொரு 35 வந்தால்தான் ஆபத்து. சனல் 60 என்றால் 35.000, ஒவ்வொரு சனலும் 10 கிலோஹேர்ட்ஸ். ஒரே சனலில் இருவர் போட்டால் ஒரு விமானம் நிச்சயம் விழும். பலகையில் சனல் எண் எழுதிய துணிக் கிளிப் வையுங்கள், கிளிப் கையில் இல்லாதவர் சுவிச்சைத் தொடக்கூடாது. மூன்று பேர் என்றால் சம இடைவெளியும் வேண்டாம்: 60, 65 இரண்டும் ஓடினால் கலவை அலை 70இல் விழும், 70காரர் காரணமே தெரியாமல் திணறுவார். ஆளுக்கு ஆள் 3 மீற்றராவது விட்டு ஒரே வரிசையில் நில்லுங்கள். ஒருவர் மட்டும் வெளிக்குள் இறங்கி நடந்தால், அவர் தலைக்கு மேல் வரும் விமானத்துக்கு அவருடைய றேடியோதான் பெரிதாகக் கேட்கும்.

மற்ற 2.4காரர் கமரா ஏற்றுகிறாரா? பழைய 2.4 அனலொக் வீடியோ அனுப்பி என்றால் அது உங்கள் றேடியோ போல் அலைவரிசை தாவாது, ஒரே இடத்தில் குந்தியிருந்து அகலமாகக் கத்தும். 5.8 கிகாஹேர்ட்ஸுக்கு மாறச் சொல்லுங்கள்.

நிலாவெளி_நுரை:
கமரா இல்லை. சோதித்தது: சும்மா இருக்கும்போது 5.0, எல்லாம் ஆட்டினால் 4.2, ஃபிளாப்பைப் பிடித்தபோது திரை அப்படியே நின்று "பீப்". ஃபிளாப் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே சோதனை: 4.8க்குக் கீழே போகவில்லை.

சோல்டர்_புகை:
சரி, யூபெக் வரும்வரை ஃபிளாப்பைக் கழற்றியே விடுங்கோ. போட்ட பிறகு விமானத்தை ஒரு மேசையில் வைத்து, 30 மீற்றர் தள்ளி, றேடியோவில் குறைந்த சக்தி வசதி இருந்தால் அதில் றேஞ்ச் ரெஸ்ற் (தூரச் சோதனை) செய்யுங்கோ. முதலில் தனியாக, பிறகு 2.4 நண்பரின் றேடியோ, பிறகு 35. ஒவ்வொன்றாகப் போட்டு, றேடியோத் திரையில் வரும் "எரர்" எண்ணை (சிக்னல் பிழை அளவு) குறித்து வையுங்கோ. அந்த எண் எந்தப் படியில் ஏறுதோ அங்கேதான் அடுத்த தேடல்.

உப்புவெளி_35:
ஃபெயில்சேஃப்பில் த்ரொட்டில் பூச்சியமா? புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டரை ஓடவிட்டு றேடியோவை அணைத்துப் பாருங்கள், ஒரு வினாடிக்குள் நிற்கணும். இடம் மாற்றுவதென்றால் சீனக்குடாப் பக்கம் நினைக்கவும் வேண்டாம், விமானத் தளம்.

நிலாவெளி_நுரை:
த்ரொட்டில் ஃபெயில்சேஃப் "ஓஃப்" இல் கிடந்தது. இப்போது பூச்சியத்தில் வைத்தாச்சு, அணைத்தவுடன் நிற்குது. யூபெக் போட்ட பிறகு எண்களைப் போடுகிறேன்.