‘சுவர் வருடுதகைவு’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

தமனிச் சுவர் நலிந்து பலூன்போல் புடைக்கும் அனியூரிசத்துக்குத் ‘தமனிப் புடைப்பு’ என்பது நம் கலைச்சொல் உரையாடலில் ஏறத்தாழ முடிவாகிவிட்டதால் அதை மீண்டும் கிளறவில்லை. இம்மடல் ‘வால் ஷியர் ஸ்ட்ரெஸ்’ (wall shear stress) என்பதற்கான தமிழ்ச்சொல் பற்றியது; ‘தகைவு’ (stress) என்பது ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை.

குருதிநாளங்களைக் காட்டும் ஆஞ்சியோ படத்திலிருந்து புடைப்பின் முப்பரிமாண வடிவத்தைப் பிரித்தெடுத்து, அதை நுண்கூறுகளாகப் பகுத்து, குருதியோட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும்போது, சுவரின் மீது இரு தாக்கங்கள் கிடைக்கின்றன: செங்குத்தாக அழுத்தும் குருதியழுத்தம் ஒன்று, சுவரை ஒட்டியே இழுத்துச் செல்லும் தகைவு மற்றொன்று. பின்னதைத்தான் பொறியியல் வழக்கைப் பின்பற்றி ‘நறுக்குத் தகைவு’ என்று எழுத நம்மில் சிலர் முன்மொழிந்திருக்கிறார்கள். திருகாணி துண்டாவதைப் பேசும் இடத்தில் அச்சொல் பொருத்தமானதே. ஆனால் இங்கே அளவைப் பாருங்கள். சராசரிக் குருதியழுத்தம் 100 மி.மீ. பாதரசம் என்று கொண்டால் அது சுமார் 13,300 பாஸ்கல்; இந்தத் தகைவோ இயல்பான தமனிகளில் ஒரு சில பாஸ்கல் மட்டுமே. இது சுவரை நறுக்குவதில்லை. நாளத்தின் உட்படலச் செல்கள் இதை உணர்ந்து, அதற்கேற்பச் சுவரைச் சீரமைக்கவோ நலியச் செய்யவோ தூண்டுகின்றன. மிகுந்த தகைவு தீங்கு என்று சில ஆய்வுகளும், குறைந்த தகைவே சுவரை நலிவிக்கிறது என்று வேறு சில ஆய்வுகளும் சொல்லும் நிலையில், ‘நறுக்கு’ என்ற சொல் முதல் தரப்புக்கு மட்டும் சாட்சி சொல்லிவிடுகிறது.

ஆகவே ‘சுவர் வருடுதகைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. ‘வருடுத்தகைவு’ என்று யாரும் திருத்த வேண்டாம். ‘வருடு’ மென்மையைக் குறிக்கிறதே என்ற தடை எழலாம். பரப்பை ஒட்டிய இயக்கம் என்பதே இங்கு வேண்டிய பொருள். எவ்வளவு என்பதை எண்ணே சொல்லட்டும். ஒவ்வோர் இதயத்துடிப்பிலும் இதன் திசை எவ்வளவு மாறுகிறது என்பதை 0 முதல் 0.5 வரை காட்டும் குறியீட்டை ‘வருடல் அலைவுச் சுட்டெண்’ எனலாம்.

இன்னொன்று. இக்கணக்கீட்டைக் கொண்டு புடைப்பு வெடிக்குமா என்று பார்ப்பதற்கு ‘வெடிப்பு முன்கணிப்பு’ என்ற தொடரை நான் ஏற்கவில்லை. ‘வெடிப்பு இடர் மதிப்பீடு’ போதும். பாய்வளவு மாறாத நேர்குழாயில் வருடுதகைவு ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், படத்தில் ஆரத்தை 10 விழுக்காடு குறைத்து அளந்தால் தகைவு ஏறக்குறைய 37 விழுக்காடு கூடிவிடும். உட்பாய்வின் வேகத்தையும் பல வேளைகளில் நோயாளியிடம் அளக்காமல் பொது மதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சுவரையும் விறைப்பானதாகக் கருதிவிடுகிறார்கள். புடைப்பின் அளவு, இடம், நோயாளியின் வயது, உயர் குருதியழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவர் எடைபோடும் ஒரு துணைச் சான்றுக்குக் ‘கணிப்பு’ என்ற பெயர் மிகை.

குருதியோட்டத்தை இவ்வாறு கணினியில் போலச்செய்து பார்க்கும் ‘சிமுலேஷன்’ என்பதற்கு ‘ஒப்புருவாக்கம்’, ‘பாவனை’ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ‘குருதியோட்ட ஒப்புருவாக்கம்’ என்பதே எனக்கு உடன்பாடு. ‘பாவனை’ மருத்துவ அறிக்கையில் வந்தால் நடிப்பு என்று படிக்கப்படும்.

மாற்றுக் கருத்து இருப்பின், சொல்லோடு அது வரும் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள்.