தவணை தவறிய தடுப்பூசி: மறுபடி முதலிலிருந்தா?

நிலா அம்மா:
மகளுக்குப் பத்தாவது மாதம் நடக்கிறது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) மூன்றாவது தவணைக்குப் போனபோது சளி, லேசான காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியே தள்ளிப்போய்விட்டது. இப்போது தட்டம்மை ஊசிக்குப் போனால், வேறு குழந்தைகள் இல்லை, ஒருத்திக்காகக் குப்பியைத் திறக்க முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். மாமியாரோ, விட்டுப்போனதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடணும் என்கிறார். என்னதான் செய்வது?

இரட்டையர் அப்பா:
எங்கள் பிள்ளைகளுக்கும் தள்ளிப்போனது. விட்ட இடத்திலிருந்துதான் போட்டார்கள். அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்க.

ஊசிக்கார அக்கா:
எனக்கு இதுதான் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலிலிருந்து போட வேண்டியதில்லை. போட்ட இரண்டு தவணையும் கணக்கில் உண்டு, மூன்றாவதைப் போட்டால் போதும். இடைவெளி 4 வாரத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான், கூடினால் பாதகமில்லை. லேசான சளிக்குத் திருப்பி அனுப்பியதே தேவையில்லாத வேலை.

குப்பி விஷயத்தில் அவர்கள் கஷ்டமும் புரிகிறது. தட்டம்மை மருந்து பொடியாக வரும், நீர் சேர்த்துக் கலக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு குப்பியில் 10 பேருக்கு மருந்து. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் அதில் கிடையாது. கலந்தபின் 6 மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய முகாம் முடிந்ததும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பென்டாவேலன்ட் அப்படியல்ல, முறையாகக் குளிரில் வைத்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதனால்தான் அதற்கு யாரும் ஆள் சேர்க்கக் காத்திருப்பதில்லை.

ஆனாலும் ஒரே குழந்தை வந்தாலும் திறந்துவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீணாகும் மருந்தைச் சேர்த்துத்தான் கொள்முதல் கணக்கே போடுகிறார்கள். தட்டம்மை பரவாமலிருக்க 100க்கு 95 பேருக்காவது இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும். திருப்பி அனுப்பினால் எத்தனை பேர் மறுபடி வருவார்கள்? பக்குவமாக இதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் முடியாது என்றால், எந்தக் கிழமையில் குப்பி திறப்பார்கள் என்று கேட்டு அன்றைக்கே போய்விடுங்கள்.

நிலா அம்மா:
நன்றிக்கா. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் தாங்குவாளா?

ஊசிக்கார அக்கா:
தாராளமாகத் தாங்குவாள். பென்டா தொடையில், தட்டம்மை பெரும்பாலும் மேல்கையில். பென்டாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம், பன்னிரண்டு நாள் கழித்துக்கூடக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். அதற்குள் ஊசி போட்டதே மறந்துபோய், வேறு ஏதோ என்று பதறிக்கொண்டு ஓடி வருவார்கள்! போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். அப்புறம், இரண்டாவது தட்டம்மைத் தவணைக்கான தேதியை அட்டையில் எழுதி வாங்காமல் கிளம்பாதீங்க.