புதுப்பிப்பு: பீகிள் நாய்க்குட்டியின் செர்ரி கண், வெட்டாமலே சரியானது

7 மாதக் குட்டியின் வலது கண்ணோரச் சிவப்பு உருண்டையை (இதுதான் செர்ரி கண்) வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தேன். "வெட்டாதீங்க, பாக்கெட் முறையில், அதாவது பை மாதிரி இடம் செய்து, உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லுங்க" என்றவர்களுக்கு நன்றி. அதுதான் பலித்தது.

அது கட்டியே இல்லை, நாய்களுக்குக் கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி. கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதில் சுரக்கிறது. எடுத்துவிட்டால் பின்னாளில் கண் வறண்டுபோகலாம், அப்படி ஆனால் ஆயுசுக்கும் சொட்டு மருந்துதான்.

மசாஜில் உள்ளே போனது மறுநாளே வெளியே வந்தது. பிறகு மயக்கம் கொடுத்து, தானே கரையும் மெல்லிய 6-0 நூலில் தையல். முடிச்சு அந்த மூன்றாவது இமையின் வெளிப்பக்கம் இருக்கணும். உட்பக்கம் இருந்தால் கருவிழியை உரசிப் புண்ணாக்கும். தையலின் இரு முனையிலும் கண்ணீர் வழியச் சிறு இடைவெளி வேண்டும், இல்லையென்றால் நீர்க்கட்டி வரும். கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்துக் கூம்பு 14 நாள்.

எதிர்பாராதது: 3 வாரத்தில் இடது கண்ணிலும் வந்தது. அதே சிகிச்சை. இப்போது கண்ணீர்ச் சோதனைத் தாள் நிமிடத்துக்கு 18 மி.மீ. நனைகிறது, 15க்கு மேல் இயல்பு.