மார்கேட்: ஓர் ஓவியக்கூடத்தால் ஒரு கடற்கரை ஊர் மீண்டுவிடுமா?

கேள்வி

நலிந்துபோன கடற்கரைச் சுற்றுலா ஊர்கள் மீண்டதற்குச் சான்றாக இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள மார்கேட்டைத்தான் பலரும் காட்டுகிறார்கள். 2011 ஏப்ரலில் டர்னர் கன்டெம்பரரி என்ற ஓவியக்கூடம் திறக்கப்பட்ட பிறகு ஊரே மாறிவிட்டது என்று எழுதுகிறார்கள். ஒரே ஒரு கட்டடம் இத்தனையையும் செய்திருக்க முடியுமா என்பது என் ஐயம். நகரத் திட்டமிடல் மாணவனாகிய நான் இதுகுறித்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. ஊர் எதனால் நலிந்தது, எதனால் மீண்டது, அந்த மீட்சியின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நலிவுக்கான காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1960களிலும் 70களிலும் விமானப் பயணத்தையும் தங்குமிடத்தையும் ஒன்றாகச் சேர்த்து மலிவாக விற்கத் தொடங்கியதும், எந்த நேரத்தில் மழை வருமோ என்ற கவலையுடனே மார்கேட்டில் விடுமுறையைக் கழித்துவந்த லண்டன் குடும்பங்கள் ஸ்பெயினின் வெயிலை நாடிப் போய்விட்டன. ஆளில்லாமல் போன விடுதிகளை உரிமையாளர்கள் ஒற்றை அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். போக்கிடமற்ற ஏழைகள் அவற்றில் வந்து தங்கினார்கள். கோடையை மட்டுமே நம்பிப் பிழைத்த ஊரில் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கக்கூடிய வேலை இல்லை.

ஓவியக்கூடத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஓவியர் டர்னர் பலமுறை வந்து தங்கிய விடுதி இருந்த இடத்திலேயே, கட்டடக்கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டின் வடிவமைப்பில் அது கட்டப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அது திறக்கப்படுவதற்கு முன்பே, 2009 டிசம்பரில், லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில்கள் முழு அளவில் ஓடத் தொடங்கிவிட்டன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்ற நிலை இல்லாமல், ஓவியக்கூடத்துக்கு மட்டும் அத்தனை கூட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வரைபடத்தில் ரயில் பாதையைப் பார்க்காமல் கட்டடத்தின் புகைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு அருங்காட்சியகம் வேண்டும்" என்று கேட்கும் நகரசபைகள் உலகெங்கும் இருக்கின்றன.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் டிரீம்லேண்ட் விடுபட்டுவிட்டது. அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் 1920இல் அமைக்கப்பட்ட மரத்தாலான மலைரயில் (ரோலர் கோஸ்டர்) ஒன்று உண்டு. அதில் தடை போடும் பொறி பாதையில் இல்லை. வண்டியிலேயே ஒரு பணியாளர் பயணிகளோடு அமர்ந்து, ஒவ்வொரு இறக்கத்திலும் எவ்வளவு வேகம் போதும் என்று கணித்து, நெம்புகோலைக் கையால் இழுத்து வேகத்தைக் குறைப்பார். இந்த மலைரயில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக 2002இலேயே அறிவிக்கப்பட்டிருந்ததால்தான், பூங்கா மூடப்பட்ட பின்னும், 2008இல் தீப்பிடித்து அதன் ஒரு பகுதி எரிந்த பின்னும், அந்த நிலத்தில் வேறு எதையும் எளிதில் கட்டிவிட முடியவில்லை. ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். உள்ளாட்சி மன்றம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. 2015 ஜூனில் பூங்கா மீண்டும் திறந்தது. அதை நடத்திய நிறுவனம் ஓராண்டுக்குள்ளேயே கடனில் சிக்கித் திணறியது என்பதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவோடு கதையை நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன.

மறுமொழி 3

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. லண்டனின் வீட்டு விலையைத் தாங்க முடியாதவர்கள் மார்கேட்டில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். விலையும் வாடகையும் ஏறின. பழைய வாடகைதாரர்கள் நெருக்கப்பட்டார்கள். ஊர் அழகாவதற்கு முன்பே கட்டடங்கள் யார் கையில் இருந்தன என்பதைப் பொறுத்தே பயன் யாருக்கு என்பது அமைகிறது.

இதே கென்ட் கரையிலுள்ள ஃபோக்ஸ்டனை ஒப்பிட்டுப் பாருங்கள். முதியோருக்கான சுற்றுலா, காப்பீட்டுச் சேவைகளை வழங்கும் சாகா நிறுவனத்தை 2004இல் விற்ற ரோஜர் டி ஹான் அங்கே பெரும் பணம் செலவிட்டார். அவர் நிறுவிய அறக்கட்டளை பழைய நகரத் தெருக்களில் பாழடைந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சீரமைத்து, கலைஞர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் குறைந்த வாடகைக்கு விட்டது. 2008 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தில் நடக்கும் கலை விழாவுக்காகச் செய்யப்பட்ட படைப்புகளில் பல, விழா முடிந்தபின்னும் தெருக்களிலேயே நிலையாக நிற்கின்றன. தெருவின் மதிப்பு கூடினாலும் வாடகையை அறக்கட்டளையே தீர்மானிப்பதால் கலைஞர்கள் வெளியேற வேண்டியதில்லை. ஆயினும் அந்தத் தெருக்களைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு செல்வந்தரின் விருப்பத்தை நம்பி நிற்கும் ஏற்பாட்டை எல்லா ஊர்களுக்கும் பரிந்துரைக்கவும் முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தனி ஒருவரை நம்பாமல் ஊர்மக்களே சொந்தமாக வைத்து நடத்திய முயற்சி ஏதேனும் உண்டா?

மறுமொழி 3

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் ஊரின் கடற்பாலத்தைப் (கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நிற்கும் உலாவு மேடை) பற்றிப் படியுங்கள். 2010இல் தீக்கு இரையான அந்தப் பாலத்தை மீட்க மக்கள் பங்குகள் வாங்கினார்கள். தேசிய லாட்டரிப் பணத்திலிருந்து பழஞ்சின்னங்களுக்கு உதவும் நிதியம் பெருந்தொகையைத் தந்தது. 2016இல் மீண்டும் திறந்து, 2017இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசையும் பெற்றது. அடித்துக்கொண்டே இருக்கும் உப்புநீரில் நிற்கும் இரும்புத் தூண்களைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஆகும் செலவுக்கு ஈடாக வருமானம் வரவில்லை. பரிசு பெற்ற சில வாரங்களிலேயே, பாலத்தைச் சொந்தமாக வைத்து நடத்திய மக்கள் அமைப்பு நொடித்தது. 2018இல் பாலம் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது.