டாட்சரி என்பவர் யார்? ‘எட்வின் ட்ரூட் மர்மம்’ குறித்து ஓர் ஐயம்

பொதிகை:
நண்பர்களுக்கு வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூனில் காலமானதால் நின்றுபோன ‘எட்வின் ட்ரூட் மர்மம்’ நாவலை அண்மையில் படித்தேன். 12 மாத இதழ்களாக வர வேண்டிய கதையில் 6 இதழ்களுக்கு உரியது மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. எட்வினைக் கொன்றது அவனுடைய மாமனும் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனுமான ஜாஸ்பர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வி 18ஆம் அத்தியாயத்தில் திடீரென ஊருக்குள் வரும் டாட்சரியைப் பற்றியது. தலைமுடி அடர்த்தியாக வெளுத்திருக்கிறது, புருவங்களோ கறுப்பு. தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடக்கிறார். இது பொய்முடி என்பதை ஆசிரியர் ஏறக்குறையச் சொல்லியே விடுகிறார். வேடமிட்டவள் ஹெலெனா லாண்ட்லெஸ் என்று விமர்சகர் கமிங் வால்டர்ஸ் 1905இல் எழுதியதைப் பலர் இன்றும் ஏற்கிறார்கள். ஆனால் குரல்களைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்ட ஜாஸ்பர், முன்பே ஒரு விருந்தில் சந்தித்த பெண்ணின் குரலை எதிரில் நின்று கேட்டும் அடையாளம் காணவில்லை என்பதை எப்படி நம்புவது?

யாழ்வாசகன்:
குரல் பற்றிய தங்கள் கேள்வி நியாயமானது. எனினும், ஹெலெனாவுக்குச் சார்பாகக் கதைக்குள்ளேயே ஊன்றப்பட்டிருக்கும் விதைகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவளும் அவளுடைய இரட்டைச் சகோதரன் நெவிலும் இலங்கையில் கொடுமைக்கார மாற்றாந்தகப்பனிடம் வளர்ந்தவர்கள். (இலங்கையனான எனக்கு அந்தத் தீவு கதையில் ஒரு பின்னணியாகப் பெயரளவில் மட்டும் வந்துபோவதில் சிறிது மனக்குறை உண்டு.) அங்கிருந்து தப்பியோடிய ஒவ்வொரு முறையும் அவள் ஆண்பிள்ளை உடை தரித்தாள் என்றும், ஒருமுறை கத்தி தொலைந்துவிட்டதால் தன் முடியைப் பிய்த்தெறியவோ கடித்தறுக்கவோ முயன்றாள் என்றும் நெவில் வாயிலாக ஏழாம் அத்தியாயத்திலேயே ஆசிரியர் சொல்லிவைக்கிறார். பின்னர் பயன்படாத ஒரு செய்தியை இவ்வளவு விரிவாகச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. ஜாஸ்பரிடம் எந்த நிலையிலும் தான் அஞ்சப்போவதில்லை என்று அவள் சொல்வதும், கொலைப்பழி அவள் சகோதரன் மீதே விழுந்திருப்பதும் இதனுடன் சேர்கின்றன. கடைசி அத்தியாயத்தில் அபின் விற்கும் கிழவி ‘எட்வின்’ என்ற பெயரைச் சொல்லும்போது, டாட்சரி காசைக் கீழே போட்டு, குனிந்து எடுத்து, முகம் சிவக்கிறார். ஊர்பேர் தெரியாத ஓர் ஒற்றனுக்கு அந்தப் பெயரால் முகம் சிவக்க வேண்டிய அவசியம் என்ன?

நிலவன்:
எனக்கு ஹெலெனாவை ஏற்பதில் ஒரு தடை இருக்கிறது. அது குரலைவிடப் பெரியது. தேவாலயப் பணியாளரின் மனைவியான டோப் அம்மையாரின் வீட்டைத் தேடிப் புறப்படும் டாட்சரி, வழி தெரியாமல் தேவாலயக் கோபுரத்தையே சுற்றிச் சுற்றி அலைகிறார். அப்போது அவரை யாரும் கவனிக்கவில்லை. ஆகவே அது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. அந்த வீடு கோபுரத்துக்கு மிக அருகில் எங்கோ இருக்கிறது என்ற பொதுவான எண்ணம் மட்டுமே அவர் மனத்தில் இருந்ததாகக் கதைசொல்லியே கூறுகிறார். அதே ஊரில் பல மாதங்கள் தங்கிப் படித்த ஹெலெனாவுக்கு இது எப்படிப் பொருந்தும்? மர்மக் கதை எழுதுபவர் எதையும் சொல்லாமல் மறைக்கலாம். ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்து பொய் சொன்னால் அது ஏமாற்று வேலை. எனவே வழக்கறிஞர் கிரூஜியஸின் எழுத்தர் பஸ்ஸார்டு பக்கமே நான் சாய்கிறேன். 20ஆம் அத்தியாயத்தில், எட்வினுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ரோசா லண்டனுக்கு ஓடிவரும்போது, பஸ்ஸார்டு தற்சமயம் இங்கே பணியில் இல்லை என்கிறார் கிரூஜியஸ். பிறகு அவன் எங்கே போனான்?

கோமதி:
பஸ்ஸார்டு எப்போதும் சிடுசிடுப்பவன், தான் எழுதிய நாடகம் அரங்கேறாத ஏக்கத்தில் உலகத்தையே வெறுப்பவன். நகரத்தந்தை சாப்சியை நயமாகப் புகழ்ந்து, கல்தச்சன் டர்டில்ஸுடன் சிரித்துப் பேசும் டாட்சரியின் இலகுவான சுபாவம் அவனிடம் எங்கே இருக்கிறது? காலக்கணக்கு ஹெலெனாவுக்கு எதிரானது என்பதை மறுக்கவில்லை. டாட்சரி ஊருக்கு வந்துவிட்ட பின்னும் 22ஆம் அத்தியாயத்தில் அவள் லண்டனில் ரோசாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இந்த வேடத்தை ஐந்தாம் இதழிலேயே அவசரப்பட்டுக் கொண்டுவந்துவிட்டோமோ என்ற அச்சத்தை டிக்கன்ஸ் தம் மைத்துனியிடம் வெளியிட்டிருந்தார் என்று அவருடைய நண்பர் ஃபார்ஸ்டர் பதிவுசெய்துள்ளார். அப்படியெனில் 18ஆம் அத்தியாயம் தனக்குரிய இடத்துக்கு முன்பே வந்துவிட்டது என்று கொள்ளலாம். 1914இல் லண்டனில் ஜாஸ்பர் மீது விளையாட்டாக ஒரு வழக்கே நடத்தினார்கள். எழுத்தாளர்களான செஸ்டர்டன் நீதிபதி, பெர்னார்ட் ஷா நடுவர் குழுத் தலைவர். அவர்கள் கொலைக்குப் பதிலாக நோக்கமில்லாக் கொலை என்று தீர்ப்பளித்து வழக்கைக் கேலியாக முடித்ததால், நமக்கு அங்கிருந்தும் உதவி இல்லை.

பொதிகை:
மூவருக்கும் நன்றி. நிலவன், கதைசொல்லி பொய் சொல்லக்கூடாது என்ற தங்கள் விதியை ஏற்கிறேன். ஆனால் முகம் சிவந்ததைப் பஸ்ஸார்டைக் கொண்டு எவ்வாறு விளக்குவீர்கள்?

நிலவன்:
குனிந்து எடுத்த சிரமத்தால் சிவந்ததாகவே அந்த வாக்கியம் சொல்கிறது. அது மேல்பூச்சு என்று தாங்கள் கருதுவது எனக்கும் புரிகிறது, ஏனெனில் அந்தச் சிரமம் வாசகருக்காகவே வைக்கப்பட்டதுபோல் தெரிகிறது. ஆனாலும் உடலில் தெரிந்த ஒன்றுக்கு அரைகுறைக் காரணம் கூறுவது மறைப்பு மட்டுமே. ஊரை நன்கறிந்தவளின் மனத்தில் வீடு எங்கோ இருக்கிறது என்ற எண்ணம்தான் இருந்தது என்பது அப்படியல்ல. பஸ்ஸார்டின் சிடுசிடுப்புக்கு எனக்கு விடை உண்டு, நாடகம் எழுதுபவனுக்கு வேடம் புதிதல்ல; முகச்சிவப்புக்கு மட்டும் இன்னும் இல்லை.