மறுமொழி: கார்பன் மோனாக்சைடு அலாரம், தமிழ்ல என்ன போடலாம்?

> "கரியமில வாயு எச்சரிப்பு மணி"ன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்தானே

ஐயா, அது மட்டும் வேண்டாம். கரியமில வாயுன்னா கார்பன் டை ஆக்சைடு, சோடா பாட்டில்ல நுரைக்குதே அது. நாம பேசறது மோனாக்சைடு, சுருக்கமா சிஓ (CO), ஆளைக் கொல்ற நச்சு வாயு. டொரொன்டோ ஸ்கார்பரோல பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கற குடும்பங்களுக்குப் போற நோட்டீஸ் இது, இதுல போய் கரியமில வாயுன்னு போட்டா "இதுக்கெல்லாமா 911 கூப்பிடுவாங்க"ன்னு பேசாம உட்கார்ந்துடுவாங்க.

> சென்சாருக்கு "உணரி"ன்னு ஏற்கெனவே இருக்கு. "சிஓ உணரி" போதும்.

இங்கதான் எனக்கு ஒத்து வரல. சுவத்துல மாட்டியிருக்கற பெட்டிக்குள்ளயும் உணரிதான், ஃபயர் சர்வீஸ்காரங்க கையில எடுத்துட்டு வர்ற மீட்டருக்குள்ளயும் உணரிதான், ஆனா ரெண்டும் பாக்கற வேலை வேற வேற. காத்துல சிஓ 70 பிபிஎம் (பத்து லட்சத்துல 70 பங்கு) இருந்தா சுவத்துப் பெட்டி உடனே கத்தாது, ஒரு மணி நேரத்துலேர்ந்து நாலு மணி நேரத்துக்குள்ள கத்தினாப் போதும்னுதான் அதோட தர விதியே சொல்லுது. 150ன்னா 10லேர்ந்து 50 நிமிஷம், 400ன்னா 4லேர்ந்து 15 நிமிஷம். காரணம், அந்த வாயு ரத்தத்துல எவ்வளவு ஏறியிருக்கும்ங்கறதை வச்சு போட்ட கணக்கு அது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இந்த வாயுவைத்தான் பிடிச்சுக்கும். ஆக பெட்டி சத்தம் போடலைன்னா வாயுவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. மீட்டர் அப்படியில்ல, அந்த நிமிஷம் அந்த இடத்துல எவ்வளவுன்னு நம்பராவே காட்டிடும்.

வண்டி வந்து நின்னதும் ஃபயர் சர்வீஸ்காரங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. வெளியில நல்ல காத்துல நின்னே மீட்டரை ஆன் பண்ணி சைபருக்குக் கொண்டு வர்றாங்க, யாருக்காவது தலைவலி வாந்தி மயக்கம் இருக்கான்னு கேக்கறாங்க, வாசப்படியில ஒரு ரீடிங், அப்புறம் ரூம் ரூமா போறாங்க. 35 பிபிஎம் தாண்டினா மாஸ்க், காத்து சிலிண்டர் இல்லாம உள்ள நிக்கக் கூடாதுன்னு பல டிபார்ட்மென்ட்ல வச்சிருக்காங்க. வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு, வீட்டோட ஒட்டின கராஜ்ல காரை ஸ்டார்ட்ல விட்டாங்களான்னு ஒண்ணு விடாம தேடறாங்க. இதுக்கு நடுவுல வீட்டுக்காரர் நல்லது செய்யறதா நெனச்சு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து ஃபேனையும் போட்டு வச்சிருந்தார்னா மீட்டர்ல 0தான் வரும், எங்கேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிக்க முடியாம போகும், ராத்திரி ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போட்டதும் மறுபடி அதே கதை. அதனால திறந்துட்டு நிக்காம எல்லாரும் நேரா வெளிய வந்துடுங்கன்னு நோட்டீஸ்ல எழுதணும்.

உணரின்னு போட்டா இன்னொரு சங்கடம். பேஸ்மென்ட்ல தேங்கற தண்ணியை வெளியேத்தற சம்ப் பம்ப்புக்கு வச்சிருக்கற பேட்டரி சார்ஜ் ஆகறப்ப ஹைட்ரஜன் வரும், அதையும் சிஓன்னு எடுத்துக்கிட்டு இது கத்தும். அப்ப அது எதை உணர்ற உணரி?

என் யோசனை இது. வாயு "கரிநச்சு", சுவத்துல இருக்கற பெட்டி "கரிநச்சு மணி", ஃபயர் சர்வீஸ்காரங்க கொண்டு வர்ற மீட்டர் "கரிநச்சுமானி", வெப்பமானி மாதிரி. பெட்டி மேல அச்சடிச்சிருக்கறது CO-ங்கற ரெண்டு எழுத்துதான், அதனால முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே சிஓன்னும் போட்டுடுவோம். புகை அலாரத்தை "புகை மணி"ன்னு ஏற்கெனவே எழுதிட்டதால ரெண்டும் ஜோடியா நிக்கும்.

---

அண்ணை, கரிநச்சு எனக்கு ஓம். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில இது காபனோரொட்சைட்டு, உங்கட ஆக்களுக்கு கார்பன் மோனாக்சைடு, என்ர அம்மாவுக்கு ரெண்டுமே விளங்காது. ஆனா நச்சு எண்டு போட்டா மணக்கும் எண்டு நினைச்சுப் போடுவினம். 2013 டிசம்பர் ஐஸ் புயலுக்கு கரண்ட் போனவுடன வீட்டுக்குள்ள கரி பாபிக்யூ மூட்டினவை, கராஜுக்குள்ள ஜெனரேட்டர் ஓட்டினவை எத்தினை பேர், ஒரு மணமும் வரேல்லை எண்டுதானே பேசாம இருந்தவை. முதல் வரியிலேயே மணமும் இல்லை நிறமும் இல்லை எண்டு எழுதுங்கோ.

2008ல ஒன்டாரியோ வுட்ஸ்டாக்கில அடைபட்ட புகைபோக்கியால ஒரு குடும்பத்தில நாலு பேர் செத்ததையும், அதுக்குப் பிறகு ஒன்டாரியோவில 2013ல சட்டம் வந்து இந்தப் பெட்டி கட்டாயமானதையும் ஒரு வரி சேருங்கோ. வீட்டுக்காரனிட்ட கேக்கிறதுக்கு வாடகைக்கு இருக்கிறவைக்கு ஒரு பிடி வேணும்.

---

ரெண்டும் சேர்த்துட்டேன் அக்கா. "மானி" நோட்டீஸ்ல ஒரே இடத்துலதான் வருது, அதை "அளவு பார்க்கும் கருவி"ன்னே விட்டுட்டேன், சொல் பட்டியல்ல மட்டும் இருக்கட்டும். அலாரம் பத்தின வரி இப்ப இப்படி இருக்கு, திருத்தம் இருந்தா சொல்லுங்க:

"கரிநச்சு மணி (சிஓ) நான்கு முறை அடித்து, நின்று, மறுபடி நான்கு முறை அடித்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 911 அழையுங்கள். விட்டு விட்டு ஒரே ஒரு கீச் சத்தம் என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது மணியின் ஆயுள் முடிந்திருக்கும்."