மான் தின்ற சாரத்துண்டு

எங்கள் தையல் குழுவில் ஆளுக்கொரு துணிப்படம் தைத்து, அதைப் பற்றி எழுதுகிறோம். இம்முறை எல்லாருக்கும் ஒரே கருதான்: "வாசலுக்கு வந்த உயிர்". அளவு எட்டு அங்குலச் சதுரம். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றும் சேர்ந்து தைபட்டிருக்க வேண்டும். வேறு சட்டம் எதுவும் இல்லை. தைக்கும்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள், தையல் பாடம் வேண்டாம்.

உவர்மலையிலிருந்து

நானே தொடங்குகிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு மானை விட்டு வேறெதைத் தைப்பது? பிரெட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியெல்லாம் புள்ளிமான்தான். டவுனுக்குள்ளும் இறங்கிவந்து கடை வாசலில் பழத்தோலுக்கு நிற்கும். வெளியூர்க்காரர் போனைத் தூக்குவார்கள், நாங்கள் விலகி நடப்போம்.

மான் நிறத்தில் துணி தேடிக் களைத்துவிட்டேன். கடையில் கிடைத்த மண்ணிறம் எல்லாம் சொக்லேட் மாதிரி இருந்தது. கடைசியில் வெள்ளைப் பருத்தித் துணியை நல்ல சாயமான பிளேன்டீயில் ஊறப்போட்டேன். அரை மணித்தியாலத்தில் எடுத்த துண்டு வெளிறிய மஞ்சள். இரவு முழுக்கக் கிடந்த துண்டு அசல் மான். மடிப்பில் சாயம் கூடக்குறைய ஏறியதில் வயிற்றுப்பக்க வெளிறலும் தானாக வந்தது.

புள்ளிதான் பிழையாகிப்போனது. முதலில் சின்ன வெள்ளைப் பொத்தான்கள் வைத்துத் தைத்தேன், தாயக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, இரண்டு இழை நூலில் முடிச்சுத்தையல் போட்டேன். அப்போதும் ஏதோ சரியில்லை. சரி, நேரே பார்ப்போம் என்று துணிப்பையோடு கோட்டைக்குப் போய் ஆலமர நிழலில் இருந்தேன். இத்தனை வருடம் பார்த்தும் கவனித்ததில்லை: புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. முதுகு நடுவில் ஒரு கருங்கோடு ஓடுகிறது, அதன் இரு பக்கமும் புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. பக்கவாட்டில்தான் கலைந்து நிற்கின்றன.

அதைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு இழுவை. புல்லுக்கென்று கிழித்து வைத்திருந்த, என் கணவரின் பழைய பச்சைச் சாரத்துண்டு (லுங்கித் துண்டு) ஒரு பெண்மானின் வாயில்! நான் ஒரு முனை, அது ஒரு முனை. பாதிதான் மீண்டது. கடித்த ஓரம் நனைந்து, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. கத்தரிக்கோலால் அப்படி ஒரு ஓரம் என் ஆயுசுக்கும் வெட்ட முடியாது. வீட்டில் அலசி, அந்தக் கிழிசலை மேலே வைத்தே புல்லாகத் தைத்துவிட்டேன்.

கிண்ணியாவிலிருந்து

தாத்தா (நாங்கள் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவோம்), உங்கள் மானுக்குச் சாரமும் புல்லாகத் தெரிந்திருக்கிறது, கோபிக்காதீர்கள்.

எங்கள் வாசலுக்கு வருவது நண்டு. கண்டல் ஓரச் சேற்றில் நிற்கும் சின்ன நண்டுதான், ஒற்றைக் கொடுக்கு பெருத்தது. சிவப்புத் துணியை அலசாமல் தைத்து, பிறகு தண்ணீர் தெளித்தபோது சாயம் இறங்கி அடித்தளம் முழுக்க ரோஸ் ஆனது. அது என் பிழை, விடுங்கள்.

பெரிய பிழையைப் பிடித்தது உம்மா. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆணா பொண்ணா?" என்றார். அழகுக்காக இரண்டு கொடுக்கையும் பெரிதாக வைத்திருந்தேன். ஆணுக்கு ஒன்றுதான் பெரிது, பெண்ணுக்கு இரண்டுமே சின்னது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்ற காலத்தில் பார்த்ததாம். 2009இல் பாலம் திறக்கும்வரை டவுனுக்குப் போகப் பாதையில்தானே கடக்கவேண்டும்? மற்றக் கரையில் நிற்கிற பாதை இங்கே வந்து சேரும்வரைக்கும் அவருக்கு நண்டுதான் பொழுதுபோக்கு. இப்போது 396 மீற்றர் பாலத்தை ஓட்டோவில் ஒரு நிமிடத்தில் தாண்டுகிறோம், சேற்றை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

ஒரு கொடுக்கைப் பிரித்துச் சின்னதாக்கினேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக நின்றுவிட்டன. நகத்தால் தேய்த்தும் மூடவில்லை. உம்மா, "விடு, நண்டு உருட்டிப்போட்ட மண்ணுருண்டை மாதிரித்தான் கிடக்கு" என்றார். ஒவ்வொரு துளையிலும் ஒரு முடிச்சுப் போட்டேன், அவ்வளவுதான்.

நிலாவெளியிலிருந்து

என்னுடையது புறா. கழுத்து மினுக்கத்துக்கு, திருப்பினால் பச்சையும் ஊதாவும் காட்டுகிற பட்டுச் சேலைத் தலைப்பில் இரண்டு அங்குலம் வெட்டினேன். பட்டு ஓரம் பிரிந்துகொண்டே போகும். பின்னால் தையற்கடைக் கன்வஸ் ஒட்டிய பிறகுதான் அடங்கியது. ஆனால் ஒட்டுகிற சூட்டிலேயே முழுத்துண்டையும் அயன் பண்ணிவிட்டேன். உள்ளே இருந்தது பொலியெஸ்டர் பஞ்சு. புறா அப்பளமாகிவிட்டது. பிரித்து, பழைய பிளானல் துணி வைத்து மறுபடியும் தைத்தேன்.

எங்கள் கடற்கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவில் ஒதுங்கும் பவளத்துண்டைக் கோர்த்துத் தைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, செத்த பவளத்தையும் எடுக்கக்கூடாது. வெள்ளை நூலைச் சுருட்டித் தைத்துப் பாருங்கள், அச்சொட்டாக வரும்.

தாத்தாவிடம் ஒரு கேள்வி. அந்தச் சாரத்துண்டில் குண்டூசி ஏதும் குத்தியிருந்ததா?

உவர்மலையிலிருந்து

இதைத்தான் யாரும் கேட்கக்கூடாது என்று இருந்தேன். அன்று பையில் ஏழு குண்டூசி. வீட்டுக்கு வந்து எண்ணினால் ஆறு. மூன்று தரம் எண்ணினேன், ஆறுதான். இரவு நித்திரையே இல்லை. விடிய எழும்பிக் கோட்டைக்கு ஓடினால், எல்லா மானும் ஒரே மாதிரி நிற்கிறது. அன்று முழுக்க அதைப் புள்ளி புள்ளியாகப் பார்த்திருந்தும் எது என்று எனக்கே தெரியவில்லை.

ஏழாவது ஊசி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. துணிப்பையின் அடித்தையலுக்குள் படுத்திருந்தது. இப்போது கோட்டைக்குப் போனால் பென்சிலும் தாளும் மட்டும்தான்.